ரெண்டும் நல்லதுதான்... மாத்தும்போதுதான் ஆபத்து! ஏசி முதல் விமானம் வரை ஒரு 'சுவிட்ச்' கணக்கு

ரிமோட்டில் ஏசியை அணைத்துவிட்டு, 'இன்னும் புழுக்கமாகத்தானே இருக்கிறது' என்று உடனே மறுபடி ஆன் செய்து பாருங்கள். காற்று வரும், குளிர் வராது. பெரும்பாலான ஏசிகளில் ஏறக்குறைய மூன்று நிமிடம் காத்திருந்தால்தான் வெளியே இருக்கும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும். அதற்குள் 'ஏதோ கோளாறு' என்று மெக்கானிக்குக்கு போன் போடுகிறவர்களும் உண்டு.

கோளாறு இல்லை. அது வேண்டுமென்றே வைத்த தாமதம். கம்ப்ரஸர் நிற்கும்போது அதன் ஒரு பக்கம் வாயு அழுத்தம் அதிகமாகவும், மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டும் சமமாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் மறுபடி கிளப்பினால், அந்த அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் திணறும், கரன்ட்டை அதிகம் இழுக்கும், சீக்கிரம் பழுதாகும். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் இருக்கும் 'டைம் டிலே'வும் இதே காரணத்துக்குத்தான்.

கவனித்தீர்களா? ஓடும் ஏசியில் பிரச்னை இல்லை. நிற்கும் ஏசியிலும் பிரச்னை இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவசரமாக மாறுவதில்தான் பிரச்னை!

இந்த மாற்றத்தை மட்டுமே ஆராய கணிதத்தில் ஒரு தனித்துறை இருக்கிறது. 'சுவிட்ச்டு சிஸ்டம்ஸ்' என்று பெயர். இயந்திரங்களை நம் சொற்படி நடக்கவைக்கும் கன்ட்ரோல் தியரியின் ஒரு கிளை இது. ஆட்டோமேட்டிக் காரின் கியர், சட்டென பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், விமானத்தின் ஆட்டோ பைலட் என்று 'இப்போது இப்படி, அடுத்த நொடி அப்படி' என மாறும் எல்லாமே இதன் எல்லைக்குள் வரும்.

ஊஞ்சல் காட்டும் உண்மை

இரண்டு நல்ல நிலைகள் சேர்ந்தால் விளைவும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை என்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். அதை ஓர் ஊஞ்சலிலேயே பார்க்கலாம்.

ஊஞ்சல் பலகையில் ஒரு சிறுமி நிற்கிறாள். யாராவது ஒருமுறை தள்ளிவிட்டு, அவள் அசையாமல் நின்றபடியே இருந்தால், ஊஞ்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி நின்றுவிடும். அவள் குந்தியபடியே இருந்தாலும் அப்படித்தான் அடங்கும். இரண்டுமே பாதுகாப்பான நிலைகள். கணிதம் இதை 'ஸ்டேபிள்' என்கிறது.

இப்போது அவள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறாள். ஊஞ்சல் நடுவில் கீழே வரும்போது எழுந்து நிற்கிறாள், இரு ஓரங்களிலும் உயரத்துக்குப் போகும்போது குந்துகிறாள். யாரும் தள்ளவே வேண்டாம். ஊஞ்சல் ஒவ்வொரு முறையும் இன்னும் உயரமாக ஏறும்! தானாக அடங்கும் இரண்டு நிலைகள் சேர்ந்து, அடங்காத ஆட்டமாகிவிட்டன. அவள் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அவள் கால்களின் சக்தி ஆட்டத்துக்குள் போகிறது.

சிறுமிக்கு இது விளையாட்டு. அதே ஆட்டம் ஒரு தொழிற்சாலை இயந்திரத்திலோ, மின் கட்டமைப்பிலோ யாருக்கும் தெரியாமல் நடந்தால்?

கடனும் கட்டணமும்

அப்படி நடக்காது என்று எப்படி உறுதி செய்வது? அடிப்படை வழியை 1892-லேயே தந்துவிட்டார் ரஷ்யக் கணித மேதை அலெக்சாண்டர் லியாபுனோவ். ஓர் அமைப்பின் நிலையை ஒற்றை எண்ணால் அளவிடுங்கள். அந்த எண் குறைந்துகொண்டே போனால் அமைப்பு அடங்கும். கிண்ணத்துக்குள் உருளும் கோலிக்குண்டின் உயரம் குறைந்துகொண்டே வந்து அடியில் நிற்பதுபோல!

எல்லா நிலைகளுக்கும் ஒரே கிண்ணம் பொருந்தினால் கவலையே இல்லை, எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். பல நேரங்களில் அப்படிப் பொருந்துவதில்லை. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது குண்டு கொஞ்சம் மேலேறிவிடுகிறது.

இதை வீட்டுக்கடன் கணக்காகப் பாருங்கள். எந்த வங்கியில் இருந்தாலும் இ.எம்.ஐ. கட்டக் கட்ட கடன் குறையும். வங்கியை மாற்றும்போது மட்டும் பிராசஸிங் ஃபீஸ் கடனோடு சேரும் என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றினால் பாதகமில்லை. மாதா மாதம் மாற்றினால் கட்டியதைவிட ஏறியதுதான் அதிகமாக இருக்கும். அத்தனை வங்கிகளும் நல்ல வங்கிகளாக இருந்தும் கடன் தீரவே தீராது.

அப்படியானால் தீர்வு? ஒரு நிலைக்கு மாறினால், அந்தக் 'கட்டணம்' கரையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். இதற்கு 'ட்வெல் டைம்', அதாவது தங்கும் நேரம் என்று பெயர். 1999-ல் ஜோவா ஹெஸ்பானாவும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் மோர்ஸும் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவ்வளவு நேரம் தங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அவசரத்துக்கு இரண்டு, மூன்று முறை வேகமாக மாறலாம். ஆனால், மொத்தத்தில் சராசரி இடைவெளி போதுமானதாக இருக்க வேண்டும்.

அதே 1999-ல் டேனியல் லிபர்ஸானும் மோர்ஸும் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிப்படைக் கேள்விகளை மூன்றாக வகுத்தது. எப்படி மாற்றினாலும் அமைப்பு அடங்குமா? எந்த வகை மாற்றங்களில் அடங்கும்? அடங்கும்படி நாமே மாற்றத்தை வடிவமைக்க முடியுமா? மூன்றாவது கேள்வியில் ஓர் இனிய ஆச்சர்யம் இருக்கிறது. தனித்தனியாக அடங்காத இரண்டு நிலைகளைக்கூட, சரியான நேரத்தில் மாற்றி மாற்றி அடக்கிவிட முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு!

கணினிக்கும் எட்டாத விடை

'எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்துச் சரிபார்த்துவிடலாமே' என்று தோன்றும். இங்கே ஒரு சுவர் நிற்கிறது. 2000-ல் வின்சென்ட் பிளான்டெல், ஜான் சிட்சிக்ளிஸ் இருவரும் ஒன்றை நிரூபித்தார்கள். வெறும் இரண்டே நிலைகள் கொண்ட அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் மாற்றினாலும் அது எல்லை மீறாமல் இருக்குமா? இந்தக் கேள்விக்கு எல்லா அமைப்புகளுக்கும் தவறாமல் விடை சொல்லும் ஒரே கணினி நிரலை யாராலும் எழுதவே முடியாது. கணினியின் வேகம் போதவில்லை என்பதல்ல காரணம், அப்படியொரு நிரல் இருக்கவே முடியாது!

அதனால் ஆய்வாளர்கள் வேறு பாதைகளில் போகிறார்கள். 2015-ல் கிளாடியோ டி பெர்சிஸ், பியேத்ரோ தேசி இருவரும் சைபர் தாக்குதலை எடுத்துக்கொண்டார்கள். இணையம் வழியாகக் கட்டுப்படுத்தும் ஓர் ஆலையில், தகவல் வரும் நேரம் ஒரு நிலை, தாக்குதலால் தகவல் வராத நேரம் இன்னொரு நிலை. எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நேரம் வரை தொடர்பு அறுந்தால் ஆலை தாக்குப்பிடிக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள்.

2019-ல் வெளியான இன்னோர் ஆய்வில் பெல்ஜியத்தின் ரஃபேல் யுங்கர்ஸ், அமெரிக்காவின் பாவ்லோ தபுவாதா உள்ளிட்டோர் ஒரு படி மேலே போனார்கள். இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது, அதன் இயக்கத்தைச் சில முறை பார்க்க மட்டும் முடியும் என்றால்? அந்தப் பதிவுகளை வைத்தே, 'இத்தனை சதவிகித நம்பிக்கையோடு இது அடங்கும்' என்று சொல்லும் வழியைக் காட்டினார்கள். உள்ளே நடப்பது யாருக்கும் முழுதாகப் புரியாத மென்பொருள்கள் பெருகும் காலத்தில், இது முக்கியமான திசை.

எச்சரிக்கை ஒலி நின்ற நொடி

மாறும் விதி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு விமான விபத்து வலியோடு காட்டியது.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்துகொண்டிருந்தது ஏர் பிரான்ஸ் 447. அட்லான்டிக் கடலுக்கு மேலே, வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்படிகங்கள் அடைத்தன. வேகக் கணக்கு தவறியதும் ஆட்டோ பைலட் விலகியது. விமானம் எல்லை மீறாமல் காக்கும் வழக்கமான கட்டுப்பாட்டு விதியும், பாதுகாப்பு குறைந்த மாற்று விதிக்கு மாறியது. குழாய் அடைப்பு ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால், அதற்குள் விமானி மூக்கைத் தூக்கியிருந்தார். இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்து விமானம் விழத் தொடங்கியது.

'ஸ்டால்' என்று கத்தும் எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. ஆனால், அதற்கும் ஒரு மாறும் விதி இருந்தது. அளக்கப்படும் வேகம் 60 நாட்டுக்குக் கீழே, அதாவது மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டருக்குக் கீழே போனால், 'இந்த அளவீட்டை நம்ப முடியாது' என்று எச்சரிக்கை நின்றுவிடும். தரையில் நிற்கும் விமானத்துக்குப் பொருத்தமான விதி. நடுவானில் அது தலைகீழானது. மூக்கைத் தூக்கியபோது ஒலி நின்றது. மூக்கை இறக்கியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, வேகம் 60-ஐத் தாண்டி ஒலி மறுபடி எழுந்தது.

ஆட்டோ பைலட் விலகி நாலரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கறுப்புப் பெட்டிகள் 2011-ல்தான் கடலடியிலிருந்து கிடைத்தன. 2012-ல் வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கை, பல காரணங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதைச் சொன்னது. விமானிகளின் பயிற்சிக் குறையும் அதில் உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் ஸ்டால் எச்சரிக்கை எப்படி இயங்க வேண்டும் என்பதை மறுபரிசீலனை செய்யவும் அது பரிந்துரைத்தது.

மனிதரும் இயந்திரமும் சேர்ந்த இந்தச் சிக்கலை ஒரு கணிதத் தேற்றத்துக்குள் அடைத்துவிட முடியாது. ஆனால், பாடம் அதேதான். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நியாயம் இருந்தது. நிலைகள் கைமாறிய விதம்தான் மனிதர்களைக் குழப்பியது.

10 விநாடி அவகாசம்

அடுத்த கைமாற்றம் நம் சாலைக்கு வருகிறது. குறிப்பிட்ட சூழலில் தானே ஓட்டிக்கொண்டு, முடியாதபோது ஓட்டுநரிடம் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தரும் கார்கள் சில நாடுகளில் வந்துவிட்டன. இவற்றுக்காக 2020-ல் ஐ.நா. அமைப்பு ஏற்றுக்கொண்ட 157-ம் எண் விதி, கார் ஓட்டுநரை அழைத்த பிறகு, சாதாரணமாகக் குறைந்தது 10 விநாடி காத்திருக்கச் சொல்கிறது. அவர் பொறுப்பேற்கவில்லை என்றால்தான், கார் தானே பாதுகாப்பாக நிற்கும் முயற்சியில் இறங்க வேண்டும். ஏசி கம்ப்ரஸருக்கு மூன்று நிமிட அவகாசம். சாலையை விட்டுக் கவனம் விலகியிருந்த மனிதருக்கு 10 விநாடி!

ஒரு புதிய காரையோ, கருவியையோ காட்டி 'தானாகவே எல்லாம் செய்யும்' என்று விற்பனையாளர் சொன்னால், அது எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று எல்லோரும் கேட்போம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். 'தன்னால் முடியாது என்று அது கையை விரிக்கும்போது, எனக்கு எப்படிச் சொல்லும், எவ்வளவு நேரம் தரும்?'