நோய்க்கு இடமில்லாத கட்டண அட்டவணை

கல்லூரிக் கட்டணத்தைத் திருப்பித் தருவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை ஒரு நாட்கணக்கை வகுத்துள்ளது. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாள்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும், அதன்பின் இறுதி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும். இறுதி நாளைக் கடந்து 15 நாள்களுக்குள் விலகினால் 80 விழுக்காடு, 30 நாள்களுக்குள் விலகினால் 50 விழுக்காடு. முப்பத்தொன்றாம் நாள் முதல் ஒன்றுமில்லை.

இந்த அட்டவணையில் விலகும் நாளுக்கு இடமுண்டு. விலகும் காரணத்துக்கு இல்லை. இது உண்மையில் காப்பது வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்து மாறிச் செல்லும் மாணவரையே. காசநோயும் விபத்தும் மனச்சோர்வும் சேர்க்கையின் இறுதி நாளைப் பார்த்து வருவதில்லை. ஆண்டுக்கு 40,000 ரூபாய் கட்டிச் சேர்ந்த ஒருவர் டிசம்பரில் நோயுற்று விலகினால், அவர் அமராத மாதங்களுக்கான கட்டணமும் நிர்வாகத்திடமே தங்கிவிடும்.

விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே என்று கேட்கலாம். உத்திரமேரூரின் வரலாறே அதற்கு விடை சொல்லும். பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை மக்களாட்சியின் முன்னோடி என்று மேடைதோறும் போற்றுகின்றனர். அந்தச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் உள்ளது. இம்மண்ணின் தலித் மக்களுடைய நிலமின்மையைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டே பஞ்சமி நிலங்களுக்கான ஆணை பிறந்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறியது தனிக்கதை.

கட்டண அட்டவணையிலும் அப்படியொரு சொத்துத் தகுதி ஒளிந்திருக்கிறது. இழந்த கட்டணத்தை மறந்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் கட்டக்கூடிய குடும்பத்தை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டுள்ளது. வயல் கூலியையும் கல்குவாரி வேலையையும் நம்பி, வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பத்துக்கு மருத்துவச் செலவும் வட்டியும் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. அங்கே நோய் ஓராண்டு இடைவெளியாக நிற்பதில்லை; படிப்பின் முடிவாகவே ஆகிவிடுகிறது.

போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை பெறும் பட்டியல் சாதி மாணவருக்குச் சிக்கல் இரட்டிப்பாகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குட்பட்டோருக்கான திட்டம் இது. 2021இன் திருத்தத்துக்குப் பின், ஒன்றிய அரசின் பங்கான 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. கல்லூரியில் கட்டும் பொறுப்பு அவருடையது. நெடுங்காலமாக நடைமுறையிலிருந்த வழிகாட்டுதல்களின்படி, ஆண்டின் நடுவே படிப்பை நிறுத்துபவர் பெற்ற தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று மாநில அரசு கேட்கலாம். கல்லூரி தராத பணத்தை அரசுக்கு மாணவர் தரவேண்டிய நிலை இதனால் உருவாகக்கூடும்.

அதே வழிகாட்டுதல்களில் நோய்க்கு ஒரு சிறு வாயில் உண்டு. நோயினால் முதலாண்டுத் தேர்வை எழுத இயலாதவருக்கு, மருத்துவச் சான்றின் பேரில் அடுத்த ஆண்டுக்கும் உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம். ஆனால், தேர்வெழுதியிருந்தால் இவர் தேர்ச்சி பெற்றிருப்பார் என்று கல்லூரித் தலைவர் சான்றளிக்க வேண்டும். கட்டணத்தை வைத்திருக்கும் நிர்வாகத்தின் நல்லெண்ணத்தையே மாணவர் நம்பியிருக்க வேண்டியுள்ளது. ஓர் உரிமை இப்படிச் சலுகையாகச் சுருங்குகிறது.

நீதி தேடும் வழியும் குறுகலானது. மனு சோலங்கி எதிர் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின் வரம்பில் வாரா என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எஞ்சுவது கல்லூரியின் குறைதீர் குழுவும் உயர் நீதிமன்றமும். முதலாவது நிர்வாகத்தின் கையில்; இரண்டாவது கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாத தொலைவில்.

இங்கிலாந்தில் நோய் போன்ற தவிர்க்கவியலாத காரணத்தால் ஓராண்டை இழந்த மாணவர், சான்று காட்டினால் கூடுதலாக ஓராண்டுக்குக் கட்டணக் கடனுதவி பெறலாம். அரசு நினைத்தால் நோய்க்கும் விதியில் இடமளிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

தமிழ்நாடு அரசு செய்யவேண்டியவை தெளிவானவை. அரசு மருத்துவமனைச் சான்றுடன் விலகுவோருக்கு, படித்த மாதங்களுக்கு மட்டும் கழித்து மீதிக் கட்டணத்தைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். அவர்களிடமிருந்து உதவித்தொகையைத் திரும்பக் கோருவதில்லை என ஆதிதிராவிடர் நலத்துறை ஆணையிட வேண்டும். மீண்டும் சேரும் ஆண்டுக்கான உதவித்தொகையை முடிவுசெய்யும் அதிகாரம் கல்லூரித் தலைவரிடமிருந்து மாவட்ட நல அலுவலருக்கு மாற வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று 2018 அறிவிக்கை ஏற்கெனவே கூறுகிறது. மீறும் கல்லூரிகள்மீது நடவடிக்கை எடுப்பதே மிச்சம்.

உடல் தேறிய ஒரு மாணவி மீண்டும் வகுப்பறைக்குள் நுழையும்போது, அவள் பெயரில் கடன் நிற்கிறதா, இடம் நிற்கிறதா என்பதே இங்குள்ள கேள்வி. பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனி அக்கறையுடன் பேணுமாறு அரசமைப்பின் 46ஆவது பிரிவு பணிக்கிறது. அந்த அக்கறை சேர்க்கை நாளோடு முடிந்துவிடக் கூடாது.