பாஸர்கான் ஓடிவிட்டவரா?

ஈரானியப் புரட்சியைப் பற்றி நம் மேடைகளில் முழங்குவோர், மெஹ்தி பாஸர்கானின் பெயர் வருமிடத்தில் ஓர் ஏளனப் புன்னகையோடு கடந்து விடுகின்றனர். "ஒன்பது மாதப் பிரதமர், நெஞ்சுரம் இல்லாதவர், பொறுப்பை உதறிவிட்டு ஓடிவிட்டவர்" என்பது அவர்கள் வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பை ஏற்க நாம் மறுக்கிறோம்.

ஈரானிய அரசு 1928-இல் பிரான்சுக்கு அனுப்பிய மாணவர்களுள் அவரும் ஒருவர். பாரிஸில் பொறியியல் கற்றவர், தொழுகையை அங்கே விட்டுவிட்டு வரவில்லை. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் வெப்ப இயக்கவியல் போதித்தார். 1940-களில் பொறியியல் பீடத்தின் தலைவரானார். ஃபிக்ஹு கூறும் தூய்மைச் சட்டங்களை விஞ்ஞானம் கொண்டு விளக்கி நூலும் எழுதினார். (மார்க்கக் கட்டளை ஆய்வுக்கூடத்தின் சான்றிதழுக்குக் காத்திருப்பதில்லை என்பது நம் கருத்து, ஆயினும் அவருடைய ஆர்வத்தை மதிக்கிறோம்.)

1951-இல் முஸத்திக் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியபோது, ஆபாதானில் ஆங்கிலேயரிடமிருந்து பொறுப்பேற்கச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இந்தப் பேராசிரியரே. பின்னர்த் தெஹ்ரான் நகருக்குக் குழாய் நீர் கொண்டுவரும் பணியையும் நடத்தினார். 1953-இல் முஸத்திக் கவிழ்க்கப்பட்டார். அடுத்த ஆண்டு அந்நியக் கம்பெனிகளுடன் செய்யப்பட்ட எண்ணெய் ஒப்பந்தத்தை எதிர்த்ததற்காகப் பாஸர்கான் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். 1961-இல் ஆயத்துல்லாஹ் தாலிகானி முதலியோருடன் விடுதலை இயக்கத்தை நிறுவினார். அதன் விலை, இராணுவ நீதிமன்றம் விதித்த பத்தாண்டுச் சிறைத் தண்டனை, 1967-இல்தான் விடுதலையானார். இவரா நெஞ்சுரம் இல்லாதவர்?

1979 பிப்ரவரியில் ஆயத்துல்லாஹ் குமைனி அவரைப் பிரதமராக நியமித்தார். பதவி அவரிடம் இருந்தது. அதிகாரமோ புரட்சிக் குழுக்களிடமும் புரட்சி நீதிமன்றங்களிடமும் இருந்தது. அவசர விசாரணைகளையும் மரண தண்டனைகளையும் அவர் கண்டித்தார். அதைத்தான் நம்மவர் பலவீனம் என்கின்றனர். அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புக் கூற வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை இவர்கள் படித்ததில்லையா? நவம்பர் 4 அன்று மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றினர். இரு நாட்களில் பாஸர்கான் விலகினார். பொய்யன் முஸைலிமாவின் தூதர்களுக்கே உயிர்ப் பாதுகாப்பு அளித்த மார்க்கம் நம்முடையது. தூதரகத்தைக் காக்க இயலாத அரசுக்குத் தலைவராக நீடிப்பதுதான் வீரமா?

அதிகாரமற்ற பதவியை ஒன்பது மாதங்கள் சுமந்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி. விலகியதைக் குற்றமாக்காதீர்கள்.

விலகியபின் அவர் வாய்மூடி இருக்கவுமில்லை. 1984 வரை மஜ்லிஸில் அமர்ந்திருந்தார். 1982-இல் குர்ரம்ஷஹ்ர் மீட்கப்பட்ட பின்னும் ஈராக்குடன் போரை நீட்டுவதை எதிர்த்தார். 1985-இல் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட முன்வந்தபோது தடுக்கப்பட்டார். போர் 1988-இல் ஓய்ந்தது. இரு நாட்டு எல்லையும் ஏறத்தாழப் பழைய இடத்திலேயே இருந்தது. இடையில் மாண்ட இளைஞர்களின் கணக்கை நம் மேடை வீரர்கள் எவரும் எடுத்துரைக்கக் கேட்டதில்லை.

ஓடிவிட்டதாகச் சொல்லப்படும் அவர், ஏச்சையும் தடையையும் தாங்கித் தெஹ்ரானிலேயே வாழ்ந்தார். சிகிச்சைக்காக வெளிநாடு சென்ற வழியில், 1995 ஜனவரி 20 அன்று சூரிச்சில் காலமானார். ஜனாஸா ஈரானுக்கே கொண்டுவரப்பட்டு, கும் நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டது.