பதறாத காரியம் சிதறாது



விபத்து என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஆம்புலன்சும் மருத்துவமனையும்தாம். ஆனால் எவருக்கும் ஒரு கீறல்கூட விழாத சிறு விபத்துக்களும் உண்டு. அவை செய்தித்தாளில் வருவதில்லை. எனினும் ஒரு குடும்பத்தின் அமைதியை இரண்டு மாத காலம் குலைத்துவிடும் ஆற்றல் அவற்றுக்கும் உண்டு. இதை அனுபவத்தில் கண்டவர்கள் நாங்கள். உடன்பிறந்த சகோதரியரான நாங்கள் இருவரும் இப்பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பயில்கிறோம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி, அதனால் நாங்கள் கொண்ட கருத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

நம் ஊர் எல்லையூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இங்கு ஆலைகள் பெருகின. ஆலைகளோடு வண்டிகளும் பெருகின. பெங்களூர், சென்னை, சேலம் ஆகிய மூன்று திசைச் சாலைகளும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. தமிழ்நாட்டு எண் வண்டியும் கர்நாடக எண் வண்டியும் ஒன்றையொன்று உரசிக்கொள்வது இங்கு அதிசயமன்று. அப்படி உரசும்போது தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து எழும் கூச்சலும் நமக்குப் புதிதன்று.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டிற்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். சூளகிரிக்கு அருகே, சர்வீஸ் சாலையில் ஒரு வேகத்தடையைக் கண்டு அப்பா பிரேக் போட்டார். பின்னால் வந்த கர்நாடக எண் கொண்ட சிறு சரக்கு வண்டி எங்கள் காரின்மீது மோதிற்று. பின்பக்கப் பம்பர் உடைந்தது. ஒரு விளக்கு நொறுங்கியது. டிக்கிக் கதவு சற்று நசுங்கியது. அவ்வளவே. எங்களுள் எவருக்கும் அடியில்லை.

ஆனால் அப்பாவின் கோபத்தை அன்றுதான் நாங்கள் கண்டோம். வண்டியை ஓட்டி வந்தவர் இருபத்திரண்டு வயதிருக்கக்கூடிய இளைஞர். கை நடுங்க, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. “லைசென்ஸை வாங்கி வெச்சுக்குங்க சார். பணம் தானா வரும்” என்றார் கூட்டத்தில் ஒருவர். அப்பாவும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்கும் அப்போது அது நியாயமாகவே தோன்றியது. உண்மையைச் சொல்வதானால், வெற்றி பெற்றவர்களைப் போல் வீடு திரும்பினோம்.

அன்றிரவு அம்மா ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பையன் நாளைக்கு எதை வைத்து வண்டி ஓட்டுவான்?” யாரும் பதில் சொல்லவில்லை. சாலையில் ஒருவருடைய உரிமத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தைச் சட்டம் காவலர் போன்ற அதிகாரிகளுக்குத்தான் தந்திருக்கிறதேயன்றி, நம்மைப் போன்றவர்களுக்குத் தரவில்லை. திங்கட்கிழமை மாலை, அப்பா ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குச் சென்று அந்த உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். நாங்களும் உடன் சென்றோம். அந்த இளைஞர் கோபப்படவில்லை. “ரெண்டு நாள் கூலி போச்சு சார்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இன்றும் எங்களை உறுத்துகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எடுக்க உரிமை இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்ட நாங்கள், கேட்க உரிமையுள்ள ஒன்றைக் கேட்கவே இல்லை. அதுதான் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் விவரம்.

பிறருக்கு நேரும் இழப்பிற்கான காப்பீடு இல்லாமல் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது என்பது நம் நாட்டில் பழைய சட்டம். இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் வந்தது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146ஆம் பிரிவு இதையே கட்டாயமாக்குகிறது. பிறர் உடைமைக்கு நேரும் சேதத்திற்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை அந்தப் பாலிசி பொறுப்பேற்கும். ஆகவே, எங்கள் பம்பருக்குப் பொறுப்பேற்க வேண்டியது அந்த இளைஞரின் இரண்டு நாள் கூலியன்று. வண்டி உரிமையாளரின் பாலிசியே. அதற்காகக் கர்நாடகத்திற்கு அலைய வேண்டியதும் இல்லை. விபத்து நடந்த இடத்திலோ, நாம் குடியிருக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம் என்று 166ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் ஒரு பம்பருக்காக யார் வழக்காடுவார்? எனவே நாங்களும் பலரைப் போல எங்கள் சொந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியையே நாடினோம்.

நிற்க. ஒர்க் ஷாப்பில் எங்களுக்கு மற்றொரு சோதனை காத்திருந்தது. காரின் முன்கதவில், முந்திய ஆண்டு எங்கள் வீட்டுக் கேட்டில் உரசிய பழைய கீறல் ஒன்று இருந்தது. “இதையும் இந்த ஆக்ஸிடென்டிலேயே சேர்த்துடலாம் சார். எல்லாரும் செய்யறதுதான்” என்றார் மெக்கானிக். அப்பா தயங்கினார். அம்மாவோ, “நடக்காததை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டோம்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். காப்பீடு என்பது பலரும் சேர்ந்து போட்ட பொதுப் பணம். அதில் பொய் சொல்லி எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முகம் தெரியாத பல குடும்பங்களின் பிரீமியத்தில்தான் ஏறுகிறது. பொய் வெளிப்பட்டால் உண்மையான இழப்புக்கும் பணம் மறுக்கப்படலாம். “எல்லாரும் செய்கிறார்கள்” என்பது தேர்வில் காப்பியடிப்பவர் சொல்லும் சமாதானமன்றோ?

அதன் பிறகு தொடங்கியது காத்திருப்பு. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல். ஆர்.சி. புத்தகத்தின் நகலை மூன்று முறை கேட்டார்கள். எங்கள் பாலிசி பெங்களூர்க் கிளையில் எடுத்தது. “அங்கே கேளுங்கள்” என்றார்கள். அங்கே கேட்டால், “ஓசூரில் கேளுங்கள்” என்றார்கள். மாலையில் அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் போனும் கையுமாக உட்காருவார். பிறகு எங்கள்மீது எரிந்து விழுவார். ஒரு நாள் அம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, நடந்ததைத் தேதி வாரியாக எழுதி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பச் சொன்னார். போனில் போட்ட சத்தத்திற்குக் கிடைக்காத பதில், அந்த ஒரு பக்கக் கடிதத்திற்குப் பத்தே நாளில் கிடைத்தது.

பதில் வராவிட்டாலும் வழியுண்டு. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் கழிந்தும் பதில் இல்லையெனில், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஓராண்டிற்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். எல்லையூர்க்காரர்களாகிய நமக்கு ஒரு நற்செய்தி: பாலிசி பெங்களூரில் எடுத்ததாயினும், நாம் வாழுமிடம் தமிழ்நாடு என்பதால் சென்னையிலுள்ள குறைதீர்ப்பாளரிடமே முறையிடலாம், விரும்பினால் பெங்களூரிலும் முறையிடலாம்.

இறுதியில் பணம் வந்தது. ஒர்க் ஷாப் பில் 15,500 ரூபாய். வந்த தொகை 9,500. பம்பர் 6,000, விளக்கு 3,000. இவை பிளாஸ்டிக் பாகங்களாதலால் பாதித் தொகை தேய்மானமாகக் கழிந்தது. பெயிண்டுக்கான 4,000 ரூபாயில் 500 கழிந்தது. டிங்கரிங் கூலி 2,500 முழுமையாகக் கிடைத்தது. இவை போக, ஒவ்வொரு கிளெய்முக்கும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை எங்கள் சிறிய காருக்கு 1,000. இவையெல்லாம் பாலிசியில் அச்சிட்டே இருந்தன, நாங்கள்தாம் படிக்கவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. ஐந்தாண்டுகள் கிளெய்ம் செய்யாததால், காரின் சொந்தச் சேதத்திற்கான பிரீமியத்தில் எங்களுக்கு 50 சதவீதம் போனஸ் தள்ளுபடி இருந்தது. 8,000 ரூபாய்க்கு 4,000 கட்டி வந்தோம். தவறு எவருடையதாயினும், நம் பாலிசியில் கிளெய்ம் செய்தால் அந்தப் போனஸ் போய்விடும். மறுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். அடிப்படைப் பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையுமாகக் கணக்குப் போட்டோம். ஐந்தாண்டுகளில் கூடுதலாகக் கட்ட வேண்டியது 4,000, 2,400, 2,000, 1,200, 400. ஆக மொத்தம் 10,000 ரூபாய்! கையிலிருந்து போட்ட 6,000 ரூபாயையும் சேர்த்தால் 16,000. கிளெய்மே செய்யாமல் பில் முழுவதையும் நாங்களே கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவு 15,500தான். இரண்டு மாத மனவேதனைக்குக் கிடைத்த பலன் 500 ரூபாய் நட்டம்!

இதனால் காப்பீடே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரிய சேதத்திற்கும், பிறர் உயிருக்கோ உடலுக்கோ நேரும் இழப்பிற்கும் அதைவிட்டால் வேறு துணை இல்லை. சிறு சேதத்திற்குக் கோபத்தை மூலையில் வைத்துவிட்டு, முதலில் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்வோம்: கிளெய்ம் படிவத்தை நீட்டுவதற்கு முன், “இவ்வளவு கிடைக்கும், இவ்வளவு போகும்” என்று வாடிக்கையாளரின் தாய்மொழியில் இரண்டு வரி சொல்லக்கூடாதா? சட்டப்படி எல்லாம் அச்சிட்டாயிற்று என்பது உண்மையே. ஆனால் படிக்க முடியாத எழுத்தில், அறியாத மொழியில் அச்சிட்டதைச் சொன்னதாகக் கொள்ளலாமா?

இப்போது எங்கள் காரில் ஒரு தாள் இருக்கிறது. நாங்கள் இருவரும் எழுதி வைத்தது. “முதலில், அடிபட்டவர் உண்டா என்று பார். வண்டிகளைப் படம் எடு. மற்ற வண்டியின் எண், பாலிசி எண், தேதி, நேரம், இடம் குறித்துக்கொள். பிறருக்குக் காயமோ, பிறர் உடைமைக்குச் சேதமோ ஆனால், போலீஸ் அங்கே இல்லையெனில் 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள நிலையத்தில் தெரிவி. கம்பெனிக்கு எழுத்தில் தெரிவி. கிளெய்ம் செய்யுமுன் கணக்குப் பார்.” இவற்றுக்கெல்லாம் கீழே அம்மா தம் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “எதிரில் நிற்பவருக்கும் ஒரு வீடு உண்டு.”

தோழியரே! நாளை நாமும் வண்டி ஓட்டுவோம். நம் வண்டியும் எவர் வண்டியிலேனும் மோதக்கூடும். அப்போது உடையப்போவது பம்பர் மட்டுமே. அதோடு சேர்த்து நம் நேர்மையையும் பிறர் பிழைப்பையும் உடைத்துவிடாதிருப்போமாக. பதறாத காரியம் சிதறாது!