பை இருக்கிறது, புத்தகம் எங்கே?

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அண்ணா பிறந்த நாள். அன்றுதான் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது.

அதன் பிறகு, கணினியைத் தொட்டே பார்க்காத எத்தனையோ குடும்பங்களுக்குள் அது நுழைந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய், மகளின் தோளில் கணினிப் பை தொங்குவதைப் பார்த்துப் பூரித்துப் போனாள்.

கணினி வந்தது. அதைத் தூக்கிச் செல்லப் பையும் வந்தது. ஆனால், "இதை எப்படிப் பயன்படுத்துவது?" என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லித்தரும் எளிய தமிழ்ப் புத்தகம் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

பையில் கவனம்

பை வாங்குவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். இருந்தாலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

கணினி வைப்பதற்கு மெத்தென்ற தனி அறை வேண்டும். "14 அங்குலம்" என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. ஆகவே, கணினியைக் கையோடு எடுத்துப் போய், உள்ளே வைத்துப் பார்த்தே பையை வாங்க வேண்டும்.

சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் அதோடு வைக்கவே கூடாது. ஒரு கரண்டி சாம்பார் சிந்தினாலும் ஆபத்து! ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அப்படியே பைக்குள் திணிப்பதும் தவறு. காற்றுப் போக வழி இல்லாமல் அது சூடேறிவிடும்.

தொட பயம்

பை, கணினியைக் காப்பாற்றும். பயத்தைப் போக்குமா?

பிள்ளை வேலை தேடி வெளியூர் போகிறான். கணினி பைக்குள்ளேயே தூங்குகிறது. "தொட்டால் கெட்டுவிடும்" என்று அப்பா ஒதுங்குகிறார். மின் கட்டணம் கட்டவும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும், வெளியே ஒரு கடையில் காசு கொடுத்துக் காத்து நிற்கிறார். வீட்டில் கணினி இருக்கிறது!

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவிலும் இருந்தது. 1991-ல் டான் குக்கின் என்பவர் "டாஸ் ஃபார் டம்மீஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். "ஒன்றும் தெரியாதவர்களுக்கு" என்ற பொருளில் பெயர் வைத்ததால், அதை விற்கத் தயங்கிய கடைகளும் உண்டு. மக்கள் தயங்கவில்லை. வாங்கிப் படித்தார்கள். அதே வரிசையில் பிறகு ஏராளமான புத்தகங்கள் வந்தன.

எப்படிப்பட்ட புத்தகம்?

"வீடியோவில் எல்லாம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். கணினியைத் திறக்கவே தெரியாதவர் அதில் வீடியோவை எங்கே தேடுவார்? புத்தகம் என்றால் பக்கத்தில் விரித்து வைத்து, வரியில் விரல் வைத்து, நிதானமாகப் படிக்கலாம்.

கணினியைத் திறப்பது, முறைப்படி மூடுவது, எழுதியதைச் சேமிப்பது, சேமித்ததைத் தேடி எடுப்பது, இன்னொரு பிரதி எடுத்து வைப்பது. இவை படங்களோடு, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதவும் சொல்லித்தர வேண்டும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட "தமிழ்99" விசைப்பலகையில் "அம்மா" என்று எழுதுவது சுலபம். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் போதும். புள்ளி தானாகவே விழுந்துவிடும்!

முதல் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது. மோசடியில் பணம் பறிபோனால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது தெரியாமல், பாடுபட்டுச் சேர்த்த பணத்தை யாரும் இழக்கக்கூடாது.

செய்ய வேண்டியது

கணினி வழங்கும்போதெல்லாம் அரசு இத்தகைய புத்தகத்தையும் சேர்த்துத் தர வேண்டும். கணினி விற்பவர்களும், பை விற்பவர்களும் இதைச் செய்யலாம். செலவு அதிகம் ஆகாது. பையின் முன் அறையில் அதற்கு இடமும் இருக்கிறது.

மகளின் கணினி முன் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்து, அந்தத் தாய் ஒரு விரலால் "அம்மா" என்று எழுத வேண்டும். அன்றுதான் அந்தக் கணினி முழுக் குடும்பத்துக்கும் சொந்தமாகும்.