64 கட்டம்: நாலாவது ரவுண்டில்தான் உங்கள் போட்டி ஆரம்பம்!

பரீட்சை முடிந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தால் வரிசையாக செஸ் போட்டி அறிவிப்புகள்தான். ஓர் ஊரில் கல்லூரி அரங்கம், இன்னோர் ஊரில் கல்யாண மண்டபம், மற்றோர் ஊரில் பள்ளிக்கூடத்தின் மேல்மாடி. மே மாதம் முடியும்வரை சனி, ஞாயிறு என்றாலே தமிழ்நாட்டில் எங்கேயாவது நீளமான மேஜைகளைப் போட்டு, அதன்மேல் வரிசையாக போர்டு விரித்திருப்பார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன பிறகு இந்தக் கூட்டம் குறைவதாகவே தெரியவில்லை.

போன வாரம் செஸ் கடிகாரம் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்குக் கடிகாரத்தோடு சம்பந்தமே இல்லை. ‘பொண்ணை முதல் தடவையா டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். முதல் மூணு ரவுண்டும் தோத்துட்டா என்ன பண்றது, கிளம்பிடலாமா?’ என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். சீசன் தொடங்கும் நேரத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. இந்த வாரம் முழுக்க அதற்கே.

கிளம்பாதீர்கள். ‘தோல்விதான் வெற்றியின் முதல் படி’ மாதிரியான காலண்டர் வாசகத்தை நான் சொல்லவரவில்லை. கணக்கு அப்படி.

நம் வார இறுதிப் போட்டிகள் நாக்-அவுட் கிடையாது, சுவிஸ் முறை. 1895இல் சூரிச்சில் ஜூலியஸ் முல்லர் என்பவர் நடத்திப் பார்த்த முறை, அதனால் அந்தப் பெயர். தோற்றாலும் யாரும் வெளியே போக வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி வைத்திருப்பவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் அதே போட்டியில் மறுபடி மோத மாட்டார்கள்.

200 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங் வரிசையில் 1 முதல் 200 வரை எண் போடுவார்கள். ரேட்டிங் இல்லாத குழந்தைகள் பட்டியலின் கீழே. உங்கள் பெண் 180வது. முதல் ரவுண்டில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் மோதும்: 1க்கு 101, 2க்கு 102. உங்கள் பெண்ணுக்கு வருவது 80வது ஆள். அவர் பல வருடம் ஆடியவராக இருப்பார். தோற்றால், இரண்டாவது ரவுண்டில் தோற்றவர்களுக்குள்ளேயே அதே மேல்பாதி-கீழ்ப்பாதி கணக்கு. இப்போது வருவது 130வது ஆள். அதிலும் தோற்றால் மூன்றாவதில் 155. ஒவ்வொரு தடவையும் எதிரே இருப்பவர் உங்கள் பெண்ணைவிடப் பலமானவர்தான்.

மூன்று ரவுண்டு முடிந்ததும் பூஜ்யத்தில் மிஞ்சுவது சுமார் 25 பேர். 176க்கும் 200க்கும் நடுவில் உள்ளவர்கள். அதையும் பாதியாக வெட்டினால் 180வதுக்கு நாலாவது ரவுண்டில் வருவது 192. முதல் முறையாக உங்கள் பெண் அந்த மேஜையில் பலமான ஆள்!

நிஜத்தில் டிரா வரும், வெள்ளை-கறுப்பு மாறி மாறி வர வேண்டும் என்பதால் இணைகள் கொஞ்சம் நகரும், சின்ன நம்பர் எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்காது. ஆனாலும் போக்கு இதுதான். அவளுக்குச் சமமானவர்கள் வந்து உட்காரும் நேரம் பார்த்து, “போதும்மா, கிளம்பு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறோம்.

போகிறோம் என்று பன்மையில் எழுதியது மரியாதைக்காக அல்ல. நான் போயிருக்கிறேன்.

என் பையனுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு நாள், ஏழு ரவுண்டு போட்டி. சனிக்கிழமை மூன்று ரவுண்டு, மூன்றும் தோல்வி. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்துகொண்டு வருவான், என் முகத்தைப் பார்ப்பான், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவான். என் முகத்தில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது மற்ற அப்பாக்களின் முகத்தில் பார்க்கும்போது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நான்தான் முடிவு செய்தேன், “விடுடா, படம் பார்க்கப் போகலாம்.” அவன் மறுக்கவில்லை. நடுவரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் செல்போனில் முடிவுகளைப் பார்த்தேன். நாலாவது ரவுண்டில் என் பையன் பெயருக்கு எதிரே ஒரு சிறுமியின் பெயர். ரேட்டிங் இல்லை, அவளும் அதுவரை பூஜ்யம். ஆடாமலே அவளுக்கு ஒரு புள்ளி. நாங்கள் வருவோம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருப்பாள். விடுதி எடுத்துத் தங்கி, ஆடுவதற்காகவே வந்த குடும்பமாகக்கூட இருக்கலாம். ரேட்டிங் கணக்கில் வாக்ஓவர் ஆட்டமாகவே சேராது. நான் அவளுக்குக் கொடுத்த புள்ளி ஒன்றுக்கும் உதவாத புள்ளி.

மாதங்கள் கழித்து ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, எந்தச் சம்பந்தமும் இல்லாமல் பையன் கேட்டான்: “அப்பா, அன்னிக்கு நாலாவது ரவுண்டுல எனக்கு யாருப்பா வந்திருப்பாங்க?” எனக்குப் பெயர் தெரியும். சொல்லவில்லை.

பெரியவர்கள் ஆட்டத்திலும் இது உண்டு. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் நடந்த பெண்கள் கேண்டிடேட்ஸில் நம் சென்னை வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றார். எட்டே பேர் ஆடும் போட்டி, உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து, இரண்டாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அது சுவிஸ் இல்லை, எல்லோரும் எல்லோரோடும் ஆடுவது. அங்கே தோற்றால் அடுத்த ஆள் பலம் குறைந்தவராக வருவார் என்ற சலுகைகூடக் கிடையாது.

ரேட்டிங் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2024 மார்ச் முதல் ஃபிடே ரேட்டிங் 1400இல் தொடங்குகிறது. அதற்குக் கீழே எண் கிடையாது. முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். ஒரே போட்டியில் வேண்டும் என்பதில்லை, சேர்த்துக்கொள்ளலாம். கணக்குப் போடும்போது 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை ஆட்களோடு டிரா செய்ததாகவும் சேர்த்துக்கொள்வார்கள். ஐந்து எதிராளிகளின் சராசரி 1500, நம் குழந்தை எடுத்தது ஒன்றரைப் புள்ளி என்றால் கிட்டத்தட்ட 1480 வரும். ஐந்தில் ஒன்றரை! ஒரு வெற்றி, ஒரு டிரா, மூன்று தோல்வி. பாதியில் வீட்டுக்குப் போனால் அந்த ஒன்றரை எங்கிருந்து வரும்?

இனி, வரும் வாரங்களுக்காக. அறிவிப்பில் பரிசுத் தொகையை மட்டும் படித்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். ரேட்டிங் போட்டியா, இல்லையா என்று முதலில் பாருங்கள். ரேட்டிங் போட்டி என்றால் சங்கப் பதிவும் ஃபிடே எண்ணும் கேட்பார்கள். கடைசி நாளில் ஓடாமல் முன்பே முடித்துவிடுங்கள். முதல் முறை வரும் குழந்தைக்கு ஒரே நாளில் முடியும், ரேட்டிங் இல்லாத, வயதுவாரிப் போட்டி போதும் என்பது என் கட்சி. நேரடியாக ஓப்பனில் இறக்குபவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன், ஆனால் மேலே சொன்ன 80, 130, 155 கணக்கை வீட்டிலேயே குழந்தைக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். மாவட்டத் தேர்வுப் போட்டி என்றால் அது வேறு: மாநிலப் போட்டிக்கு ஆள் எடுப்பது. பிறந்த தேதிச் சான்று இல்லாமல் போகாதீர்கள்.

எத்தனை நிமிடம் தாமதமானால் ஆட்டம் போகும் என்பதும் அறிவிப்பில் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே ஹோட்டல் தேடிப் போய், ஆர்டர் கொடுத்த தோசைக்காக ஆட்டத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

குழந்தையின் கையில் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். போன், வாட்ச் எதுவானாலும் ஆட்ட நேரத்தில் உடம்பில் இருந்தால் ஆட்டமே போகலாம். சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை தூக்கி நடுவரைக் கூப்பிடலாம், அது தப்பில்லை என்று சொல்லி அனுப்புங்கள். எதிரே தாத்தா வயதில் ஒருவர் உட்கார்ந்து ‘அதெல்லாம் வேணாம் கண்ணு, ஆடு’ என்றால் பாதிக் குழந்தைகள் பேசாமல் ஆடிவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும், முடிவுத் தாளில் சரியான பெயருக்கு நேரே 1 விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

உண்மையாகவே கிளம்பித்தான் ஆக வேண்டும் என்றால், காய்ச்சலோ, ஊரில் விசேஷமோ, அடுத்த ரவுண்டுக்கு இணை போடுவதற்கு முன்பு நடுவரிடம் போய்ச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. வேறொரு குழந்தை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

அடுத்த வாரம்: ஆட்டத்தை எழுதவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தையை எழுத வைப்பது எப்படி?