சேர்க்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?



சீட்டாட்டம் என்றதும் நம் பெற்றோரிற் பலருக்குச் சூதும் வீண்பொழுதுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சீட்டெல்லாம் சூதன்று. யாழ்ப்பாணத்தில் நம் பெரியோர் ஆடிய முந்நூற்று நாலு என்னும் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 32 சீட்டுகள், இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து நால்வர், நான்கு வகைச் சீட்டுக்கும் வகைக்கு 76 புள்ளியாக மொத்தம் 304. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எஞ்சியவை எவர் கையில் உள்ளன எனக் கணித்து ஆடுபவரே அதில் வல்லவர்.

இங்கு நம் பிள்ளைகள் வேறொரு சீட்டாட்டத்தில் ஈடுபடக் காண்கிறேன். டொமினியன் என்பது அதன் பெயர். டொனால்ட் எக்ஸ். வக்கரினோ என்பவர் ஆக்கிய இவ்வாட்டம் 2008 ஆம் ஆண்டில் வெளிவந்து, 2009 இல் ஜேர்மனியின் ‘ஆண்டின் விளையாட்டு’ என்னும் பரிசைப் பெற்றது. முந்நூற்று நாலில், பகிரப்பட்ட சீட்டைக் கொண்டு ஆடுகிறோம். இதிலோ, ஆடிக்கொண்டே ஒவ்வொருவரும் தமக்குரிய சீட்டுக்கட்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். இதில் முன்னேறும் வழியை மாணவருக்கும், அதிலிருந்து நான் கண்ட கருத்தொன்றைப் பெற்றோருக்கும் கூற விரும்புகிறேன். சீட்டுகளின் பெயர்களைத் தமிழிலேயே தருகிறேன். ஆடிப் பழகிய மாணவர் எளிதில் இனங்காண்பர்.

ஒவ்வொருவரும் பத்துச் சீட்டுகளுடன் தொடங்குகின்றனர். ஒரு காசு தரும் செப்பு ஏழு, காணி மூன்று. முறைக்கு ஐந்து சீட்டுகள் கைக்கு வரும். அவை தரும் காசுக்கு வழக்கமாக ஒரு புதிய சீட்டை வாங்கலாம். வாங்கியவையும் ஆடியவையும் கழிவுக் குவியலிற் சேர்ந்து, கட்டு முடிந்ததும் கலைக்கப்பட்டு மீண்டும் கைக்கு வரும். இறுதியில் எண்ணப்படுவன நிலச் சீட்டுகளின் புள்ளிகள். காணிக்கு 1 புள்ளி. 5 காசு விலையுள்ள சிற்றரசுக்கு 3. 8 காசு விலையுள்ள மாகாணத்துக்கு 6. ஆனால் இவை ஆட்டத்தின் நடுவே கைக்கு வந்தால் காசும் தரா, வேறு பயனும் தரா.

புதிதாக ஆடுபவர், கையிலுள்ள காசுக்கு எது கிடைக்குமோ அதையெல்லாம் வாங்கிச் சேர்ப்பர். கட்டு பெருத்தால் வலிமையும் பெருகும் என்பது அவர் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்கக் கட்டில் பத்துச் சீட்டுக்கு ஏழு காசு. எனவே ஐந்து சீட்டுகள் கொண்ட ஒரு கைக்குச் சராசரி 3.5 காசு. முதலிரு முறைகளில் ஒரு வெள்ளியும் ஒரு சிற்றாலயமும் வாங்கினோம் என்க. வெள்ளி இரண்டு காசு தரும். சிற்றாலயம் காசு தராது. ஆனால் கையிலுள்ள நான்கு சீட்டுகள் வரை ஆட்டத்திலிருந்தே அகற்ற அது உதவும். இப்போது பன்னிரண்டு சீட்டுக்கு ஒன்பது காசு, சராசரி 3.75. மூன்று காணிகளையும் அகற்றிவிட்டால் ஒன்பது சீட்டுக்கு ஒன்பது காசு, சராசரி 5. மேலும் ஒரு காசுகூடச் சேர்க்காமலே கை வலுப்பெற்றுவிட்டது! காணிகளோடு மூன்று புள்ளிகள் போகின்றனவே என்று அஞ்ச வேண்டாம். பின்னர் வாங்கும் ஒரு மாகாணமே அதன் இரு மடங்கைத் தந்துவிடும்.

இரண்டாவது, அளவறிதல். கொல்லன் பட்டறை மேலும் மூன்று சீட்டுகளை எடுக்க உதவும் நல்ல சீட்டு. ஆனால் முறைக்கு ஒரு செயற்சீட்டையே ஆடலாம் என்பது பொதுவிதி. இரண்டு பட்டறைகள் ஒரே கையில் வந்தால் ஒன்று வீணே கிடக்கும். கூடுதற் செயல்களைத் தரும் கிராமச் சீட்டு இல்லையெனில், பட்டறை ஒன்றிரண்டோடு நிறுத்தி வெள்ளியும் பொன்னும் வாங்குவதே அறிவுடைமை. நல்லதாயினும் அளவு மீறினால் தடையே.

மூன்றாவது, காலமறிதல். இருவர் ஆடும்போது மாகாணங்கள் எட்டே உண்டு. அவை தீர்ந்தாலோ, வேறு எவையேனும் மூன்று குவியல்கள் தீர்ந்தாலோ ஆட்டம் முடிந்துவிடும். நிலத்தை மிக முந்தி வாங்கினால் கை அடைபடும். மிகப் பிந்தினால் எதிராளி அள்ளிச் செல்வார். எஞ்சிய மாகாணங்கள் நான்கைந்து ஆனதும், எட்டுக் காசு எட்டாத முறைகளிற் சிற்றரசை வாங்குவது பெரும்பாலும் பொருந்தும்.

இவற்றை மனனஞ் செய்துவிட்டால் வெற்றி நிச்சயம் என எண்ணிவிடாதீர்கள். 2008 இல் வெளிவந்த முதற் பதிப்பின் பெட்டியில் விலைக்கு வைக்கத் தக்க சீட்டுவகைகள் 25 இருந்தன. ஓராட்டத்துக்கு அவற்றிற் பத்தையே தெரிந்தெடுப்பர். அவ்வாறு தெரியத்தக்க வழிகள் 32 இலட்சத்துக்கும் மேல். நேற்றைய விடை இன்றைய ஆட்டத்துக்குப் பொருந்தாது. எனவே ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் உங்களையே கேளுங்கள்: எந்தச் சீட்டு என் கையில் அடிக்கடி பயனின்றிக் கிடந்தது? அதை நான் ஏன் வாங்கினேன்? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை தேடுபவரே அடுத்த ஆட்டத்தில் முன்னேறுவர்.

பெற்றோரே, ஊரிலும் இங்கும் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் என்ற உரிமையோடு ஒன்று கூறுகிறேன். நம் பிள்ளைகளின் வாரவிடுமுறையும் ஒரு சீட்டுக்கட்டே. நீச்சல், வயலின், பரதம், கணித மேலதிக வகுப்பு, தமிழ் வகுப்பு என ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். நாம் பெறாதவற்றைப் பிள்ளை பெறட்டும் என்னும் அன்பே அதற்குக் காரணம். ஆயினும் நாட்களோ இரண்டு. சேர்க்கும் ஒவ்வொன்றும் ஏனையவற்றின் முறையைத் தள்ளிப்போடுகிறது. களைத்த பிள்ளை எவ்வகுப்பிலும் முழுமனத்தோடு இருப்பதில்லை. எதை விலக்கலாம் என்று பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள்.

அப்படியாயின் காசு தராத தமிழைத்தான் முதலில் விலக்க வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். இங்கேயும் ஆட்டத்தின் விதியை மறவாதீர்கள்: இறுதியில் எண்ணப்படுவது காசன்று, நிலமே. பொருள் விளங்காமல் மேடைக்கென மனனஞ் செய்த பேச்சு ஒரு புள்ளிக் காணி. தானே வாசித்து, தானே எழுதி, அப்பம்மாவோடு தடையின்றிப் பேசத் தெரிந்த தமிழ் ஆறு புள்ளி மாகாணம். முன்னதைச் சுமத்துவதை நாம் குறைத்துக்கொண்டால் பின்னதை அடைவதற்குப் பிள்ளைக்கு வலிமை மிஞ்சும். இது பெற்றோருக்கு மட்டுமன்று, ஆசிரியராகிய எமக்கும் உரிய கடமை.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை இவ்வாட்டத்தை விரிக்கும்போது அப்பாவையும் அம்மாவையும் அழைத்து அமர்த்துங்கள். விதிகளை நீங்களே தமிழில் விளக்குங்கள். காசையும் புள்ளியையும் தமிழில் எண்ணுங்கள். முந்நூற்று நாலு ஆடிய கைகள் இதையும் விரைவிற் பழகிக்கொள்ளும்.