செவ்வாய் நமக்குப் புகலிடம் அல்ல

விண்கல் மோதலாம், பேரழிவு வரலாம். அதற்குள் செவ்வாயில் பத்து லட்சம் பேர் வாழும் தன்னிறைவு நகரைக் கட்டிவிட வேண்டும் என்கிறார் எலான் மஸ்க். பல ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் இந்த வாதத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் பரப்புகிறவர்கள் ஏராளம். அறிவியலின் பெயரால் சொல்லப்படும் இதற்கு அறிவியலே எதிர்சாட்சி.

விண்கல்லையே எடுத்துக்கொள்வோம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் மோதிய விண்கல்லோடு டைனோசர்களின் காலம் முடிந்தது. அதன் பிறகும் பூமியில் சுவாசிக்கக் காற்று இருந்தது, கடல் இருந்தது. எலி அளவிலான பாலூட்டிகள் பிழைத்தன. அந்த வழியில்தான் நாம் வந்தோம். செவ்வாயின் திறந்தவெளியில் எந்த நாளிலும் ஓர் எலிகூடப் பிழைக்காது. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மெல்லிய காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. மண்ணில் பெர்குளோரேட் நஞ்சு கலந்திருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. பேரழிவுக்குப் பிந்தைய பூமியைவிட மோசமான இடத்துக்கா தப்பி ஓடுவது?

செவ்வாயின் துருவங்களில் அணுகுண்டுகளை வெடிக்கச் செய்து அந்தக் கோளைச் சூடாக்கலாம் என்று 2015-இல் மஸ்க் சொன்னார். புரூஸ் ஜக்கோஸ்கி, கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்: துருவப் பனியிலுள்ள கரியமில வாயு முழுவதையும் வெளியேற்றினாலும் காற்றழுத்தம் பூமியின் 1.2 சதவீதத்தைத்தான் எட்டும். இதற்கு மேலும் அந்த யோசனையைத் தூக்கிப்பிடிப்பது பிடிவாதம்.

பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மாக்ஸி கருவி ஆக்சிஜன் தயாரித்ததே என்பார்கள். தயாரித்தது, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கே சுமார் 800 கிராம் வேண்டும். சோதனைக் கருவி என்ற அளவில் அது மகத்தான சாதனை. ஒரு நகரம் சாத்தியம் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவது மோசடி.

தன்னிறைவு என்பதும் வெற்றுப் பேச்சே. பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பத் தோதான காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்க்கிறது. மருந்தும் உதிரிபாகமும் தீர்ந்துபோனால் அடுத்த கலம் வரும்வரை அங்கிருப்போரின் கதி என்ன?

கோள்களை ஆராய்வது தொடரட்டும், இன்னும் பெருகட்டும். செவ்வாய் தன் வளிமண்டலத்தை விண்வெளியில் இழந்த விதத்தை மேவன் விண்கலம் காட்டியதுபோல, ஒவ்வோர் ஆய்வும் பூமியின் அருமையையே உணர்த்துகிறது. சூரியக் குடும்பத்தில் மனிதர் வெளியே நின்று மூச்சுவிடக்கூடிய இடம் இது ஒன்றுதான். இதைக் காக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் செவ்வாயைக் கைகாட்டுவோரை நம்பாதீர்கள்.